குடும்ப ஜெபத்தில் தேர்தல்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் களியக்காவிளை பக்கம் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர்கள். கணவரின் வீடு பாறசாலை. மகனுக்கு 14 வயது, மகளுக்கு 8. கடந்த தேர்தலில் ஒருவர் ஜெயிக்க வேண்டுமென்று தினமும் குடும்ப ஜெபத்தில் வைத்தோம். அவர் தோற்றுவிட்டார். “நாம கேட்டும் இயேசப்பா தரலியே, அவரும் தோத்துட்டாரா?” என்று மகள் கேட்கிறாள். மகனோ, “நம்ம சபை ஆளுக்குத்தானே ஓட்டுப் போடணும்?” என்கிறான். மாமியார், “இனி ஆலயத்தையெல்லாம் பூட்டிருவாவ” என்று பிள்ளைகள் முன்னாலேயே சொல்கிறார். எப்படிப் பேசுவது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் ஜெபத்தைக் கவனித்துக் கேட்டிருக்கிறாள். இன்னார் ஜெயிக்க வேண்டும் என்று கேட்டீர்கள், அவர் தோற்றார். எட்டு வயதுக் கணக்கில் மிஞ்சுவது அந்தக் கேள்விதான். அவளைத் திருத்த வேண்டாம், ஜெபத்தைத் திருத்தலாம்.

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கிற உங்களுக்கு இதை விளக்குவது எளிது. 2024 மக்களவைத் தேர்தலில் பாறசாலை அடங்கிய திருவனந்தபுரம் தொகுதியில் காங்கிரசின் கையும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கதிர் அரிவாளும் எதிரெதிராக நின்றன. களியக்காவிளை தாண்டி இந்தப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் வந்தால் அப்போது இரண்டும் ஒரே கூட்டணி. ஏப்ரல் 19-இல் இங்கே ஓட்டுப் போட்ட அக்காவும் 26-இல் அங்கே போட்ட தம்பியும், ஒரே வேதப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே கட்சிக்கு எதிரும் புதிருமாக ஜெபித்திருக்க முடியும். இயேசப்பா யார் பக்கம் சேருவார் என்று மகளிடமே கேட்டுப் பாருங்கள். அவளே யோசித்து ஒரு பதில் சொல்லுவாள்.

தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் பவுல் எல்லா மனுஷருக்காகவும், அதிகாரத்தில் இருக்கிற யாவருக்காகவும் ஜெபிக்கச் சொல்கிறார். அப்போது அதிகாரத்தில் இருந்தது ரோம அரசு. அதனால் ஓட்டுப்பதிவுக்கு முந்தின வாரம் முழுக்க இரண்டு நிமிடம் இப்படி ஜெபியுங்கள்: முக்கிய வேட்பாளர்கள் எல்லாருக்காகவும் பெயர் சொல்லி; இயந்திரத்தோடு முந்தின நாளே வந்து ஓட்டுச்சாவடியில் தங்கும் ஊழியர்களுக்காக; யார் வந்தாலும் ரப்பர் வெட்டுகிறவருக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் நியாயம் கிடைக்க. எண்ணிக்கை முடிந்த இரவிலும் அதே ஜெபம் வேண்டும், ஜெயித்தவர் பெயரையும் தோற்றவர் பெயரையும் சொல்லி. பல வீடுகளில் விட்டுப்போவது இந்தக் கடைசி ஜெபம்தான். அன்றைக்கு அப்பா டிவியை அணைத்துவிட்டு யாரிடமும் பேசாமல் படுத்தால், பிள்ளை நம்பிக்கையைப் பற்றி அதிலிருந்துதான் படிக்கும்.

சின்னவளுக்குத் தோல்வியைப் பழக்கவும் வேண்டும். சனிக்கிழமை ராத்திரிக்கு மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியுமா, புட்டும் பயறுமா என்று துண்டுச்சீட்டில் எழுதி, மடித்துப் போட்டு, அவளையே எண்ணச் சொல்லுங்கள். தோற்ற பக்கமும் அன்றைக்கு அதையே சாப்பிட வேண்டும். பெரியவர்கள் முடிவை மாற்றினால் எல்லாம் கெட்டுப்போகும். ஆகவே இரண்டில் எது வந்தாலும் உங்களால் சமைக்க முடிகிறதை மட்டும் ஓட்டுக்கு விடுங்கள். யார் எதற்குப் போட்டார் என்று கிண்டிக் கேட்கவும் கூடாது. ரகசியம் அங்கிருந்தே பழகட்டும்.

மகனிடம் சட்டத்தையே சொல்லலாம், 14 வயதுக்குப் புரியும். மதத்தைச் சொல்லி வேட்பாளர் ஓட்டுக் கேட்பது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவில் முறைகேடு. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் முறைகேடுதான் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 4-க்கு 3 என்று தீர்த்தது. வழிபாட்டு இடங்களைப் பிரசார மேடையாக்கக் கூடாது என்கின்றன தேர்தல் நடத்தை விதிகள். ஓட்டுப் போடுகிறவர் மனதில் என்ன நினைக்கிறார் என்பதில் சட்டம் தலையிடாது. அங்கேதான் அவனுக்கு வேலை இருக்கிறது. வேட்பாளர்கள் தாக்கல் செய்த 26-ஆம் எண் படிவப் பிரமாணப் பத்திரங்களைத் தேர்தல் ஆணைய இணையதளத்திலிருந்து இறக்கி, மூன்று பேருடையதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். வழக்குகள், சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதில் உண்டு. உங்களுக்குப் பிடித்தவருடையதும் அந்த மூன்றில் இருக்கட்டும், அதில் வழக்கு இருந்தால் சப்பைக்கட்டு கட்டாதீர்கள். பிறகு 1 சாமுவேல் 8-ஆம் அதிகாரம். ஜனங்கள் ராஜா வேண்டுமென்று கேட்கிறார்கள். அவன் உங்கள் குமாரரை எடுப்பான், வயல்களை எடுப்பான் என்று சாமுவேல் சொல்லியும் கேட்டு வாங்குகிறார்கள். கேட்டது கிடைப்பதெல்லாம் ஆசீர்வாதமில்லை என்பதை அவனே கண்டுபிடிக்கட்டும்.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பதோடு வாங்குவதும் குற்றம். கவர் வாங்குவதைப் பார்த்த பிள்ளையிடம் மேலே சொன்ன எதையும் பேச முடியாது.

நம்பிக்கை என்று நாம் சொல்வதற்கு ஐந்து வருஷக் கெடு கிடையாது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபம் 70 வருஷம் என்கிறது. அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறது. நம் ஊரிலேயே பாருங்கள். 1820-களில் தோள்சீலைக்காக, அதாவது மார்பை மறைக்கும் மேலாடைக்காக, அடிபட்ட நாடார் கிறிஸ்தவப் பெண்களுக்கு, மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்தது 1859 ஜூலை 26-இல். அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு தடை வைத்தார்கள். இத்தனை வருஷமும் அவர்கள் ஆலயத்துக்குப் போனார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அவர்களில் பலர் முடிவைக் காணவில்லை. பெரியவனுக்கு இந்த வரலாறு கட்டாயம் தெரிய வேண்டும்.

மாமியாரின் பயத்தைப் பிள்ளைகள் முன்னால் மறுத்துப் பேசாதீர்கள். இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த 1982 மண்டைக்காடு கலவரத்தை நினைவில் வைத்திருக்கிற தலைமுறை அது. அப்படி எதுவும் நடக்காது என்று உங்களால் வாக்குக் கொடுக்கவும் முடியாது. பிள்ளைகளிடம், வழிபடும் உரிமை அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவில் இருக்கிறது, ஒரு தொகுதியில் ஒருவர் ஜெயிப்பதால் அது போய்விடாது, யாராவது தடுத்தால் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சொல்லுங்கள். மாமியாரிடம் தனியாக, “மாமி, பிள்ளைய ராத்திரி பயப்படுது” என்று மட்டும் சொல்லுங்கள். ஜெபத்தை ஒருநாள் அவர் நடத்தட்டும். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பத்தையும் பெயர் சொல்லி ஜெபிக்கும்படி அவரையே கேளுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
அண்ணன்