இச்சிகாவா ஃபுசாயே: வாக்குரிமைக்கு முன்னும் பின்னும்

கேள்வி: ஜப்பானியப் பெண்களுக்கு வாக்குரிமை தந்தவர், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானைத் தன் பொறுப்பில் வைத்திருந்த அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் என்றுதானே படித்திருக்கிறோம். இதில் ஜப்பானியப் பெண்ணுரிமைப் போராளி இச்சிகாவாவுக்கு என்ன பங்கு?

பதில்: 1945 அக்டோபர் 11 அன்று மெக்ஆர்தர் பிரதமர் ஷிதெஹாராவிடம் வைத்த ஐந்து சீர்திருத்தங்களில் அதுவும் ஒன்று, உண்மைதான். ஆனால் ஷிதெஹாராவின் அமைச்சரவை அதற்கு முந்தைய நாளே இதற்கு ஒத்துக்கொண்டிருந்தது. இச்சிகாவா இன்னும் முன்னாலேயே கிளம்பிவிட்டார். ஜப்பான் சரணடைந்து பத்தே நாளில், ஆகஸ்ட் 25 அன்று, பெண்களைத் திரட்டி ஒரு குழு அமைத்தார். 1931இல் பெண்களுக்கு உள்ளாட்சியில் மட்டும் வாக்குரிமை தரும் மசோதா கீழவையைத் தாண்டி, பிரபுக்கள் அவையில் தோற்றுப்போனது. அத்தனை வருடத்து உழைப்பை ஒரு தளபதியின் தாராளம் என்று சொல்வது எனக்கு உவப்பாக இல்லை.

கேள்வி: அவர் பெரிய குடும்பத்துப் பெண்ணா?

பதில்: இல்லை. 1893இல் ஐச்சி மாகாணத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா அம்மாவை அடிப்பார். பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்வதாக அம்மா சொல்வாராம். வேடிக்கை என்னவென்றால், பிள்ளைகள் படித்தே ஆக வேண்டும் என்று நின்றவரும் அதே அப்பாதான். மகள் ஆசிரியை ஆனார், அப்புறம் நகோயாவில் பத்திரிகை நிருபர். 1920இல் பெண்ணிய எழுத்தாளர் ஹிரட்சுகா ரைச்சோவுடன் சேர்ந்து புதிய பெண்கள் சங்கத்தை நடத்தினார். அப்போது பெண்கள் அரசியல் கூட்டத்துக்குப் போவதே சட்டப்படி குற்றம். அந்தத் தடை 1922இல் நீங்கியது.

கேள்வி: 1946 தேர்தலில் அவர் ஏன் நிற்கவில்லை?

பதில்: நிற்காதது இருக்கட்டும், வாக்கே போட முடியவில்லை! வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் விடுபட்டிருந்தது. மற்றபடி அந்த ஏப்ரல் 10 ஒரு திருவிழா. 79 பெண்கள் நின்றார்கள், 39 பேர் வென்றார்கள். அடுத்த வருடமே அது 15 ஆகச் சரிந்தது. பெரிய தொகுதியில் ஒருவரே இரண்டு மூன்று பெயர்கள் எழுதலாம் என்று இருந்தவரை, 'ஒரு பெயர் பெண்ணுக்கு' என்ற எண்ணத்துக்கு இடம் இருந்தது. 1947இல் தொகுதியைச் சுருக்கி, ஆளுக்கு ஒரு பெயர் என்று மாற்றிவிட்டார்கள். கீழவையில் 39ஐத் தாண்ட 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி: போர்க்காலத்தில் அவர் அரசோடு ஒத்துப்போனாரே, அதை மறைக்கலாமா?

பதில்: மறைக்கக் கூடாது. பெண்கள் வாக்குரிமைக்காகத் தான் நடத்திவந்த சங்கத்தை 1940இல் கலைத்தார், அரசு சார்பான அமைப்புகளில் பொறுப்பு வகித்தார். பெண்களைப் பொதுவாழ்வுக்குள் கொண்டுவர அதுவும் ஒரு வழி என்று நினைத்தார். எனக்கு அந்தக் கணக்கு தப்பு என்றே படுகிறது. அதற்காக 1947 முதல் 1950 வரை பொதுப் பதவிகளிலிருந்து விலக்கப்பட்டார். ஆக, பெண்கள் முதன்முதலாக நாடாளுமன்றம் நுழைந்த அந்த வருடங்களில் அவருக்குக் கதவு சாத்தியிருந்தது. 1953இல்தான் டோக்கியோவிலிருந்து சுயேச்சையாக மேலவைக்குப் போனார்.

கேள்வி: கட்சி இல்லை, பணம் இல்லை. எப்படி ஜெயித்தார்?

பதில்: இவரிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். 'லட்சியத் தேர்தல்' என்று பெயர். வேட்பாளர் தானாகப் போய் 'எனக்குப் போடுங்கள்' என்று கேட்கக் கூடாது. இவர் வேண்டும் என்று நினைப்பவர்கள் நிறுத்த வேண்டும், செலவையும் கைக்காசு போட்டு அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். எப்போதும் பலித்தது என்று சொல்ல மாட்டேன். 1971இல் தோற்றார். வயதும் எழுபத்தெட்டு, சரி போதும் என்று இருந்தவரை 1974இல் இளைஞர்கள் விடாமல் வற்புறுத்தி இழுத்து வந்தார்கள். தேர்தல் வேலையில் முன்னால் நின்றவர் நவோத்தோ கான். 2010இல் பிரதமரானாரே, அவரேதான். அந்தத் தேர்தலில் மற்ற பக்கம் பணம் தண்ணீராக ஓடியது. இவரோ 81 வயதில், நாடு முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்ட பிரிவில், 19 லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கி இரண்டாம் இடம் பிடித்தார்.

கேள்வி: மகசேசே விருது வாங்கினாரா?

பதில்: ஆமாம், அதே 1974இல். அந்த வருடப் பட்டியலில் நம் எம்.எஸ். சுப்புலட்சுமியும் உண்டு.

கேள்வி: கடைசித் தேர்தல்?

பதில்: 1980. அப்போது 87 வயது. அதே பிரிவில் முதலிடம், 27 லட்சத்துக்கும் மேல் வாக்குகள். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்திட வேண்டும் என்று பெண்கள் அமைப்புகளோடு சேர்ந்து அரசை நெருக்கியதும் அந்த வருடம்தான். கையெழுத்தானது. 1985இல் அதை ஜப்பான் உறுதிசெய்தபோது அவர் இல்லை. 1981 பிப்ரவரியில், உறுப்பினராக இருக்கும்போதே காலமாகிவிட்டார்.