கேளுங்க, சொல்றோம்: வாண்டில் ஆத்தோரமா ஒரு நடை

கேள்வி: பொண்ணு பிரசவத்துக்கு லண்டன் போறேன், காலியர்ஸ் வுட்னு ஏரியா. பக்கத்துலயே வாண்டில்னு ஒரு சின்ன ஆறு ஓடுதாம், சாயங்காலம் நடந்துட்டு வரலாம்மான்றா. அங்க பாக்க என்ன இருக்கு?
- வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: அக்கா, நம்ம வண்ணாரப்பேட்டைக்காரங்க அவசியம் பாக்க வேண்டிய ஆறு அது. மொத்தமே 14 கிலோமீட்டர் போல தான், க்ராய்டன், கார்ஷால்டன் பக்கம் ஊத்தெடுத்து வாண்ட்ஸ்வொர்த்ல தேம்ஸ்ல சேந்துடும். ஆனா அந்த தம்மாத்தூண்டு ஆத்த நம்பி அவ்ளோ மில்லு ஓடிச்சு. துணி வெளுக்கறதும் அச்சடிக்கறதும் தான் அதுல பெரிய தொழில். நம்ம பேட்டைல கிழக்கிந்திய கம்பெனி கப்பலுக்கு துணி வெளுத்து குடுத்த காலத்துல, இங்கேர்ந்து போன அச்சுத்துணி மேல அந்த ஊர் ஜனங்களுக்கு அப்படி ஒரு மோகம், அங்க இருந்த கம்பளிக்காரங்க கொதிச்சு போயி சண்டை புடிச்சு 1700ல அச்சுத்துணி இறக்குமதிக்கே தடைச்சட்டம் வர வெச்சுட்டாங்க. வெள்ளைத்துணி மட்டும் வரலாம்னு ஆனதும் அத வாங்கி அவங்களே அச்சடிச்சாங்க, அப்ப தான் வாண்டில் கரைல பட்டறைங்க பெருகுச்சு. எனக்கு இன்னிக்கும் அது ஆத்தாமை தான். ஆனாலும் அந்த எடத்த பாக்கணும்.

காலியர்ஸ் வுட்லேர்ந்து கொஞ்ச தூரம் நடந்தா மெர்ட்டன் ஆபி மில்ஸ். லிபர்ட்டின்ற லண்டன் துணிக்கடை கம்பெனி பட்டு அச்சடிச்ச கட்டடங்க, பெரிய தண்ணி சக்கரம் எல்லாம் அப்படியே இருக்கு, நின்னு பாருங்க. அதுக்கு பக்கத்துல தான் 1881ல வில்லியம் மாரிஸ்னு ஒரு பேர்போன துணி டிசைனர் பட்டறை போட்டாரு, அது இப்ப இல்ல. அவர் அவுரிச் சாயம் வெச்சிருந்தாரு, தொட்டில முக்கி எடுத்தா துணி முதல்ல பச்சையா தான் வரும், காத்து பட பட தான் நீலமாகும், அப்புறம் டிசைன் வேண்டிய எடத்துல மட்டும் நீலத்த வெளுத்து எடுத்து ஆத்துத் தண்ணில அலசுவாங்க. 1884ல ஒரு டிசைனுக்கு வாண்டில்னே பேர் வெச்சாரு. பக்கத்துல மெயின் ரோட்டுக்கு அடியில பழைய கிறிஸ்தவ மடத்தோட அஸ்திவாரம் இருக்கு, அது 12ஆம் நூற்றாண்டு.

இன்னும் கொஞ்சம் மேல போனா மார்டன் ஹால் பார்க், மூக்குப்பொடி அரைச்ச மில்லு ஆத்து மேலயே நிக்குது, அரவைக் கல்லும் இருக்கு, டிக்கெட் கிடையாது. இன்னொண்ணு, 1803ல இந்த ஆத்த ஒட்டி வாண்ட்ஸ்வொர்த்லேர்ந்து க்ராய்டன் வரைக்கும் குதிரை இழுக்கற ரயில் ஓடிச்சு, சரக்குக்கு மட்டும். நம்ம ராயபுரம் ஸ்டேஷன் வந்ததே 1856ல தான்.

கேள்வி: அந்த ஆத்துல மீன் இருக்கா, தூண்டில் போடலாமா?
- வாசகர், காசிமேடு

பதில்: இருக்கு தம்பி. இங்கிலாந்து கடற்படைத் தளபதி நெல்சன் மெர்ட்டன்ல குடியிருந்தப்ப தூண்டில் போட்ட ஆறாம். 1960கள்ல சாக்கடைன்னே சொல்ற அளவுக்கு செத்து போச்சு, அப்புறம் பேக்டரிங்க மூடி, கழிவுநீர் சுத்திகரிப்பு சரியாகி, ஊர்க்காரங்க வாரக்கடைசில எறங்கி குப்பைய அள்ளி, ஸ்கூல் பசங்க கிளாஸ்ல வளத்த ட்ரௌட் மீன் குஞ்சுங்கள கொண்டாந்து விட்டு, மெதுவா உயிர் வந்துச்சு. 2007ல பெடிங்டன் சுத்திகரிப்பு நிலையத்துலேர்ந்து குளோரின் கலந்து ஆயிரக்கணக்குல மீன் செத்துச்சு, நினைச்சாலே வயிறு எரியுது, ஆனா விடாம திரும்ப வேலை பாத்தாங்க. தூண்டில் போடணும்னா 13 வயசுலேர்ந்து யாரா இருந்தாலும் லைசென்ஸ் எடுக்கணும், ஆன்லைன்லயே எடுத்துடலாம்.