வீசிங் நின்னப்புறமும் சளி ஏன் நிக்கல?

அன்புள்ள அக்கா,

மூச்சிரைப்பு பத்தி நீங்க எழுதினத படிச்சேன். எங்கம்மாவுக்கு 15 வருஷமா ஆஸ்துமா. வீசிங் வந்தா நீல கலர் பஃப் ரெண்டு அடிச்சதும் அடங்கிடும், ஆனா சளி மட்டும் போகவே மாட்டேங்குது. காலைல எந்திரிச்சதும் பசை மாதிரி ஒட்டிக்கிட்டு வருது, சில நாள் நூல் மாதிரி சுருண்டு வருது. டெஸ்ட் எடுத்துப் பாத்தாச்சு, இன்ஃபெக்ஷன் இல்லையாம். டாக்டர் "மூச்சுக்குழாய்ல செல்லே மாறிப்போயிருக்கு, தினசரி இன்ஹேலர நிறுத்தக்கூடாது"ன்னு சொல்லிட்டாரு. செல் மாறுறதுன்னா கேன்சர் மாதிரியா? நல்லா இருக்கிற நாள்ல எதுக்கு ஸ்டீராய்டுன்னு அம்மா கேக்குறாங்க, எனக்கு பதில் தெரியல. (பேர் வேணாம் அக்கா.)

அன்புள்ள தம்பி,

முதல்ல அந்த பயத்த விடுங்க, இது கேன்சர் இல்ல. டாக்டர் சொன்னது செல்லோட வேல மாறிப்போனத. அத கொஞ்சம் பொறுமையா சொல்றேன், ஏன்னா இது புரிஞ்சா அம்மாவோட ரெண்டாவது கேள்விக்கு பதில் தானா வந்துடும்.

நம்ம மூச்சுக்குழாயோட உள்பக்கம் ஒரு மெல்லிசான செல் வரிசை இருக்கு. அதுல நிறைய செல்லுக்கு தலைல குட்டிக் குட்டி முடி இருக்கும், சிலியான்னு பேரு, நொடிக்கு 10லேர்ந்து 20 தடவ வரைக்கும் அடிச்சு மேல இருக்கிற சளிப்படலத்த தொண்ட பக்கமா தள்ளிக்கிட்டே இருக்கும். நாமளும் தெரியாமலே முழுங்கிடுவோம். நடுநடுவுல கொஞ்சமா கோப்லெட் செல்னு ஒண்ணு, அதுதான் சளி செய்யறது. சளிய எல்லாரும் அழுக்குன்னு நினைக்கிறாங்க, எனக்கு அது வருத்தமாவே இருக்கும், ஏன்னா தூசியையும் கிருமியையும் பிடிச்சு வெளிய அனுப்புறதே அதுதான். நல்ல சளில நூத்துக்கு 97 பங்கு வரைக்கும் தண்ணிதான், மீதி இருக்கிற துளி உப்பும் புரதமும்தான் அதுக்கு வழவழப்ப குடுக்குது.

ஆஸ்துமால என்ன ஆகுதுன்னா, அலர்ஜி வகை வீக்கம் இருக்கிறப்ப இன்டர்லூக்கின்-13ங்கிற ஒரு பொருள் சுரந்து அந்த செல் வரிசைக்கு தப்பான உத்தரவு குடுத்துக்கிட்டே இருக்கு, அதக் கேட்டு வேற வேல பாத்துக்கிட்டிருந்த செல்லெல்லாம் சளி செய்யற செல்லா மாறிடுது, கோப்லெட் செல் அனேகமா இல்லாத குட்டிக் குழாய்கள்ல கூட அது முளைச்சிடுது. தள்ள வேண்டிய ஆள் குறைஞ்சு, செய்யற ஆள் கூடிப்போச்சு.

இதுல அளவு மட்டும் இல்ல தம்பி, சளியோட தரமே மாறிடுது. சளிக்கு கெட்டித்தன்மை குடுக்கிற புரதத்துக்கு மியூசின்னு பேரு. நல்லா இருக்கிறவங்க மூச்சுக்குழாய்ல எம்.யூ.சி.5பிங்கிறதுதான் முக்கியம், ஆஸ்துமால எம்.யூ.சி.5ஏசிங்கிறது பல மடங்கு கூடுது, அது வெளிய வந்தப்புறமும் தன்ன செஞ்ச செல்லையே பிடிச்சுக்கிட்டு நிக்கும், சிலியா எவ்ளோ அடிச்சாலும் நகராது. அதோட ஈசினோபில்னு ஒரு வகை வெள்ளணு வந்து சேர்ந்தா அது விடற ரசாயனம் மியூசின் இழைகள ஒண்ணோட ஒண்ணு கோர்த்து இறுக்கிடுது. அம்மாவுக்கு பசை மாதிரி வர்றது பெரும்பாலும் இதனாலதான். நூல் மாதிரி சுருண்டு வருதுன்னீங்களே, குட்டிக் குழாய்க்குள்ள முறுக்கிக்கிட்டு அச்சு எடுத்த மாதிரி வர்ற அந்த சுருள 1880கள்லயே குர்ஷ்மன்ங்கிற ஜெர்மன் டாக்டர் எழுதி வச்சிருக்கார், இன்னிக்கும் அது அவர் பேர்லதான் இருக்கு.

இப்ப நீல பஃப். அது குழாய சுத்தி இருக்கிற தசைய தளர்த்தும், அவ்ளோதான். வீக்கத்தையும் அது தொடாது, மாறிப்போன செல்லையும் தொடாது. குழாயோட அகலம் பாதியா குறைஞ்சா காத்து போற தடை 16 மடங்கு ஆகும்னு ஒரு கணக்கு இருக்கு, அப்ப சின்னக் குழாய்ல ஒரு மெல்லிசு சளிப்படலம் கூடினாலே எவ்ளோ வித்தியாசம்னு பாருங்க. 2018ல அமெரிக்கால வந்த ஒரு சி.டி. ஸ்கேன் ஆய்வுல ஆஸ்துமா இருந்தவங்கள்ல பாதிக்கு மேல நுரையீரல்ல சளி அடைப்பு இருந்துச்சு, பல பேருக்கு வருஷக்கணக்கா அதே இடத்துலயே இருந்துச்சு. அட்டாக்ல இறந்தவங்களோட நுரையீரல பாத்த டாக்டர்களும் 100 வருஷமா இதையேதான் சொல்லிக்கிட்டிருக்காங்க, குழாய் குழாயா சளி அடைச்சுப் போயிருக்குன்னு.

இத நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிறதுக்கு முன்னாடியே பட்டுட்டேன். எனக்கும் ஆஸ்துமாதான். நாலு மாசம் ஒரு தொந்தரவும் இல்ல, சரியாயிடுச்சுன்னு தினசரி இன்ஹேலர நானே நிறுத்திட்டேன், நீல பஃப் மட்டும் கைல இருந்துச்சு, ஒரு ராத்திரி அத எத்தன தடவ அடிச்சும் நெஞ்சு திறக்கவே இல்ல, ஒரு வாக்கியம் முழுசா பேச முடியாம ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போனாங்க. அந்த பயம் எனக்கு இன்னும் போகல, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன். நீல பஃப மட்டும் நம்பி இருக்காதீங்கன்னு உலக ஆஸ்துமா வழிகாட்டியும் 2019லேர்ந்து சொல்லுது.

அம்மாகிட்ட இப்படி சொல்லுங்க. நல்லா இருக்கிற நாள்லயும் அந்த தப்பான உத்தரவு உள்ள ஓடிக்கிட்டு இருக்கலாம், அத அடக்கத்தான் ஸ்டீராய்டு. அதுவும் மாத்திரை மாதிரி மில்லிகிராம்ல இல்ல, மைக்ரோகிராம்ல, நேரா நுரையீரலுக்கு. இழுத்தப்புறம் வாய் கொப்புளிச்சு துப்பிட்டா வாய்ப்புண் பயம் குறையும். மாறின செல் திரும்புமான்னா, வீக்கம் அடங்கினா ஓரளவு திரும்பும். சுவர் தடிச்சுப் போனது, தசை பெருத்தது, இதெல்லாம் அவ்ளோ சுலபமா திரும்பாது, அதனாலதான் நாள் கடத்தக் கூடாதுங்கிறேன். இன்ஹேலருக்கு அடங்காத சிலருக்கு டுபிலுமாப்னு ஒரு ஊசி இருக்கு, இன்டர்லூக்கின்-13 சொல்றத செல் காதுல விழாம பண்றது. அது தேவையான்னு டாக்டர்தான் ரத்தம், மூச்சு டெஸ்ட் எல்லாம் பாத்து சொல்லணும். சளி கரைக்கிறேன்னு நீங்களா எதையும் நெபுலைசர்ல போட்டுடாதீங்க, அதுல சிலது குழாய இன்னும் இறுக்கிடும்.

அடுத்த தடவ போறப்ப இன்ஹேலர கையோட எடுத்துட்டுப் போயி, அம்மாவ டாக்டர் முன்னாடியே ஒரு தடவ இழுத்துக் காட்டச் சொல்லுங்க. 20 வருஷமா இழுக்கிற நானே போன வருஷம் வரைக்கும் தப்பாத்தான் இழுத்துக்கிட்டிருந்தேன், மருந்து பாதி நாக்குலயே தங்கிடுச்சு. ஸ்பேசர்னு பஃப் இன்ஹேலர் முனைல மாட்டுற ஒரு குழாய் இருக்கு, அத கேட்டு வாங்கிக்கோங்க. என்ன சொன்னாருன்னு எனக்கு எழுதுங்க.

அன்புடன்,
அக்கா