வீரர் என்று சொல்லி வாயை அடைப்பது

அன்புள்ள ஐயா,

என் அண்ணன் ராணுவத்திலிருந்து வந்து இரண்டு வருடமாகிறது. சண்டையை நேரில் பார்த்தவர். இரவெல்லாம் விழித்திருக்கிறார், குழந்தைகள் கத்தினால் எழுந்து போய்விடுகிறார். எங்கள் வீட்டு வீரர் இப்படி ஒடுங்கிக் கிடப்பதைப் பார்க்க முடியவில்லை. அவரைப் பேச வைப்பது எப்படி? இதைப் பற்றிப் படிக்க ஏதாவது புத்தகம் உண்டா?
ம.
(சுருக்கப்பட்டது)

அன்புள்ள ம.,

புத்தகம் கிடக்கட்டும். உங்கள் முழுக் கடிதத்தில் 'வீரர்' ஆறு இடத்தில் வருகிறது, 'அண்ணன்' ஒரே ஒரு தடவை. கோபம் வந்தது, மறைக்கவில்லை.

என் சின்ன மாமாவும் போருக்குப் போய் வந்தவர். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது விளையாட்டாக ஒரு காகிதப் பையை ஊதி அவர் முதுகுக்குப் பின்னால் உடைத்தேன். அடுத்த நொடி நான் தரையில் கிடக்கிறேன், என்மேல் மாமா கவிழ்ந்து படுத்திருக்கிறார், அவருடைய நெஞ்சு அடித்துக்கொள்வது என் முதுகில் கேட்கிறது. வீடே சிரித்தது. "இவரா பட்டாளத்துக்காரர்!" மாமாவும் சிரித்தபடியே எழுந்து, என் முழங்கால் தூசியைத் தட்டிவிட்டார். தன் சட்டையைத் தட்டிக்கொள்ளவில்லை. எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதை அன்றோடு விட்டார். அவர் வந்தபோது மாலை போட்டவர்களும் அன்று சிரித்தவர்களும் ஒரே ஆட்கள்தான்.

1915-இல், முதல் உலகப் போரின்போது, சண்டையிலிருந்து வந்தவர்களின் இந்த நிலையை சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 'ஷெல் ஷாக்' (குண்டு அதிர்ச்சி) என்று எழுதினார். குண்டு வெடிப்பின் அதிர்ச்சிதான் காரணம் என்று முதலில் நினைத்தார்கள், ஆனால் குண்டு பக்கத்தில்கூட விழாதவர்களுக்கும் அதே நடுக்கம் வந்தது. அதே போரில் பிரிட்டிஷ் தரப்பு, ஓடிப்போனான், கோழை என்றெல்லாம் சொல்லித் தன் ஆட்கள் 306 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் சிலராவது இப்படி நடுங்கியவர்கள்தான். மன்னிப்பு வந்தது 2006-இல், யாருக்கு என்று தெரியவில்லை! வியட்நாமிலிருந்து வந்தவர்கள் மல்லுக்கட்டிய பிறகுதான், 1980-இல், அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதைத் தங்கள் நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள்.

அன்று கோழை என்று சொல்லி வாயை அடைத்தார்கள், நீங்கள் வீரர் என்று சொல்லி அடைக்கிறீர்கள். வீரர் என்று கூப்பிட்ட பிறகு அந்த மனிதர் எப்படி அம்மா, பயமாக இருக்கிறது என்பார்? செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன் என்று யாரிடம் சொல்வார்? சிலருக்குப் பயத்தைவிட அதுதான் பெரிய பாரம்.

மனநல மருத்துவரிடம் கண்டிப்பாகக் கூட்டிப் போங்கள். குடிக்கிறாரா, சாவைப் பற்றிப் பேசுகிறாரா என்று பாருங்கள், பேசினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். திட்டிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. இரண்டு வருடமாக அவரோடு கூடவே விழித்திருப்பவர் நீங்கள்தான் என்று தெரிகிறது.

பேச வைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள், இல்லையா? மாமாவோடு படையில் இருந்த ஒருவர் வருடத்துக்கு ஒருமுறை வருவார். இருவரும் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஒருமுறை ராத்திரி எட்டிப் பார்த்தேன். மாமா குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். வந்தவர் வாசல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு விடியவிடிய உட்கார்ந்திருந்தார்.