நள்ளிரவில் கை தவறினால்: தரவுத்தளப் பொறுப்பாளரிடம் கேள்விகள்

கேள்வி: அக்கா, போன வாரம் நள்ளிரவில் சோதனை சர்வர் என்று நினைத்து, வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் சர்வரில் கட்டளையைக் கொடுத்துவிட்டேன். நாற்பது நிமிடம் சேவை நின்றுபோனது. வேலையை விட்டுவிடலாமா என்றிருக்கிறது. (பிரபு, சென்னை)

பதில்: விடாதீர்கள் தம்பி. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் இதே கதைதான் நடந்தது. இரவு பதினொரு மணி வாக்கில் ஒரு பொறியாளர் துணைத் தரவுத்தளத்தைக் காலி செய்வதாக எண்ணி, முதன்மைத் தரவுத்தளத்தை அழிக்கத் தொடங்கினார். இரண்டு சர்வர்களின் பெயர்களுக்கும் ஓர் எண்தான் வித்தியாசம். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. காப்பு நகலைத் தேடினால், அதுவும் இல்லை. நகலெடுக்கும் மென்பொருளின் பதிப்பு தரவுத்தளத்தோடு ஒத்துப்போகாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறு வேலைக்காக எடுத்திருந்த நகல்தான் காப்பாற்றியது.

இத்தனை ஓட்டைகள் இருக்கும்போது அந்த ஒரு கையை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா? நிறுவனம் நடந்ததை ஒளிக்காமல் உலகுக்கே எழுதியது. நீங்களும் நிமிடவாரியாக எழுதிக் கொடுங்கள். இன்றே வாடிக்கையாளர் சர்வரின் திரைக்குச் சிவப்புப் பின்னணி வையுங்கள். தூக்கக் கண்ணுக்குப் பெயர் தெரியாது, நிறம் தெரியும்.

கேள்வி: கோளாறு அறிக்கையில் தவறு செய்தவர் பெயரை எழுதச் சொல்கிறார்கள். எழுதலாமா? (குழுத் தலைவர், கோவை)

பதில்: கூடாது. பெயரை எழுதினால், அடுத்து தவறு செய்பவர் அதை மறைப்பார். நாற்பது நிமிடத்தில் தீர வேண்டியது நான்கு மணி நேரம் இழுக்கும்.

கேள்வி: திட்டம் தாமதமாகிறது என்று எங்கள் ஐந்து பேரோடு புதிதாக ஆறு பேரைச் சேர்க்கிறார்கள். வேகம் கூடுமா?

பதில்: கூடாது என்று ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 என்ற கணினி இயங்குதளப் பணியை நடத்திய பிரெடரிக் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். ஐந்து பேர் என்றால் பேசிக்கொள்ள வேண்டிய இணைகள் 10. பதினொரு பேர் என்றால் 55. புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் உங்கள் ஐவர் தலையில்தான் விழும். வேலையின் அளவைக் குறைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மகப்பேறு விடுப்பு முடிந்து அடுத்த மாதம் திரும்புகிறேன். சர்வர் எச்சரிக்கை வந்தால் இரவில் எழுந்து பார்க்கும் அழைப்புப் பணியை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பதில்: மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் 26 வார விடுப்போடு நிற்கவில்லை, அம்மா. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். இதை முதல் நாளே கேளுங்கள். இரவு அழைப்புகளுக்கு, நான் செய்ததைச் சொல்கிறேன். என் மகனுக்கு ஒரு வயதாக இருந்தபோது, ஒரு மாதம் முழுக்கத் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருந்தேன். வந்த அழைப்பு, மணி, செய்த வேலை, மூன்றையும் குறித்தேன். பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு எதிரே ‘ஒன்றும் செய்யவில்லை’ என்றே இருந்தது. நோட்டை அப்படியே மேலாளர் மேசையில் வைத்தேன். அந்த எச்சரிக்கைகளையெல்லாம் காலைக்கு மாற்றினார்கள்.