ஃபே (ஐரோப்பியக் கதைகளில் வரும் மாயத் தேவதை இனம்) தொட்ட உயிரினங்களுக்குக் கொம்பு, இறக்கை தவிர வேறென்ன விசித்திர உடல் அடையாளம் கொடுக்கலாம்?

ஒரு உயிரினத்துக்கு ஒரே ஒரு அடையாளம் கொடுங்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் அது தெரிய வேண்டும். புதுச்சேரியில் நண்பர்களுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டை நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர், கதையை நடத்துபவர்) என்ற முறையில் எனக்கு இதில் சந்தேகமே இல்லை. கொம்பு, ஊதாத் தோல் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் "ஓ, ஃபே!" என்று எல்லோரும் சண்டைக்கு டைஸை எடுத்துவிடுவார்கள். பேச்சு அங்கேயே முடிந்துபோகும்.

நளன் கதையைப் பாருங்கள். தமயந்தியின் சுயம்வரத்துக்குத் தேவர்கள் நால்வர் நளன் உருவத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவனுக்குத்தான் கண் இமைக்கிறது, கால் தரையில் படுகிறது, கழுத்து மாலை வாடுகிறது. அவன்தான் நளன் என்று அவள் கண்டுகொள்கிறாள் என்கிறது நளவெண்பா. இதில் வாடாத பூ எனக்கு ரொம்பப் பிடிக்கும். சந்தையில் ஒரு பூக்காரி. மறுநாள் சாயங்காலமும் அவள் கொண்டையில் அதே மல்லி மொட்டு, அவிழாமல் இருக்கிறது. இதை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுங்கள்.

ஐரோப்பியக் கதைகளிலும் இதே வழக்கம்தான். ஸ்காண்டிநேவியாவின் காட்டு மோகினியான ஹுல்ட்ரா முன்னால் பார்த்தால் அழகி, பின்னால் பசு வால். சில ஊர்க் கதைகளில் முதுகே உளுத்த மரம்போலக் குடைந்திருக்கும். ஸ்காட்லாந்தின் நீர்க்குதிரைப் பேயான கெல்பி மனித உருவில் வந்தாலும் தலைமுடியில் நீர்ப்பாசி சிக்கியிருக்கும்.

அப்புறம், அடையாளத்தைக் கதை நடக்கும் மண்ணிலிருந்து எடுங்கள். எங்களுக்குப் பக்கத்திலேயே பிச்சாவரம் அலையாத்திக் காடு இருக்கிறது. வெண்கண்டல் மரம் உப்பை இலை வழியாக வெளியே தள்ளும். அப்படியே ஒரு படகோட்டிக்கு, வியர்வை காய்ந்ததும் புறங்கையில் உப்புக்கல் பூக்கட்டும். சுரபுன்னையின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து நீளமாகத் தொங்கும். சேற்றில் விழுந்தால் சில சமயம் குத்திட்டு நின்றுவிடும். பின்னல் நுனியில் அப்படிப் பச்சை முளை தொங்கும் பெண்ணை நான் கொண்டுவந்தபோது, அதில் ஒன்று கீழே விழுந்தால் என்ன ஆகும் என்ற பயத்திலேயே யாரும் வாளை உருவவில்லை.

இவற்றுக்கெல்லாம் விதி எதுவும் எழுத வேண்டாம். தில்லை மரம் மட்டும் விலக்கு. அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ரத்தத்துக்குப் பதில் அந்தப் பால் ஓடும் ஃபேயைப் பக்கத்தில் நின்று வெட்டினால் கான்ஸ்டிடியூஷன் சேவ், அதாவது உடல் தாங்குகிறதா என்று டைஸ் உருட்டிப் பார்ப்பது. தோற்றால் அடுத்த டர்ன் முடியும்வரை பிளைண்டட், கண் தெரியாது. முதல் வெட்டுக்கு முன்பே, அதன் நகக்கண்ணில் வெள்ளையாக ஏதோ கசிவதைச் சொல்லிவிடுங்கள். அதுதான் நியாயம்.

இந்த விளையாட்டில் வரும் ஃபே உலக எல்ஃப்களான எலாட்ரின்களுக்கு வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நான்கு வடிவம் உண்டு. இலையுதிர் காலமே இல்லாத எங்கள் கரையில் அது ஒட்டாது என்பதால் நான் ஓதத்தைப் பிடித்துக்கொண்டேன். கடல் ஏறும்போது கருமணி விரியும், வற்றும்போது ஊசிமுனையாகச் சுருங்கும். அந்தக் கண்ணைப் பார்த்தே படகு எடுக்கும் நேரத்தைக் கணக்குப் போடும் அளவுக்கு எங்கள் கூட்டம் தேறிவிட்டது.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஆறு விரல், மாறுகண், தோலில் வெண்புள்ளி போன்று மனிதர்களுக்கு இயல்பாக இருப்பவற்றை ஃபே அடையாளமாக வைக்காதீர்கள். தேவதைகள் குழந்தையை மாற்றி வைத்துவிட்டன என்ற நம்பிக்கையால் ஐரோப்பாவில் ஊனமுற்ற குழந்தைகள் நிஜமாகவே கொடுமைப்படுத்தப்பட்டார்கள். உங்கள் மேஜையிலேயே அப்படி ஒருவர் உட்கார்ந்திருக்கலாம்.

பிளேயரின் சொந்தக் கேரக்டர் என்றால் அடையாளத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும். நான் ஒன்றுதான் கேட்பேன்: இதை வீட்டில் முதலில் பார்த்தது யார்? "தலை வாரிவிட்ட பாட்டி" என்று பதில் வந்தால், அடுத்த செஷனில் அந்தப் பாட்டியைக் கொண்டுவந்துவிடுவேன்.