மூச்சுக்குழாய்க் கட்டி: இந்த வாரம் வந்த கேள்விகள்

அப்பாவுக்கு மூச்சுக்குழாய்ல கட்டியாம், என்ன மாத்திரை குடுக்கலாம்? (காரைக்குடி)

வயசு இல்ல, கட்டி எந்த எடத்துலன்னு இல்ல, ரிப்போர்ட் இல்ல, நான் என்ன ஜோசியமா பாக்குறேன்? மாத்திரைல கரையுற விஷயம் இல்ல இது. கழுத்து, நெஞ்சு ரெண்டும் சேர்த்து சிடி ஸ்கேன் எடுத்துட்டு எழுதுங்க.

கட்டிலேருந்து துளி சதை எடுத்துப் பாத்த பயாப்ஸில கேன்சர் இல்லன்னு வந்துருச்சு, அப்படியே விட்டுறலாமா? (தேவகோட்டை)

விடக்கூடாதும்மா. குழாயோட அகலமே சுமார் ரெண்டு சென்டிமீட்டர்தான், அது 8 மில்லிமீட்டர் கிட்ட வந்தா படி ஏறும்போது இரைக்கும், 5க்கு வந்துட்டா சும்மா உக்காந்திருந்தாலே இரைக்கும். சாதுவான கட்டியும் மூச்சை அடைக்கும்.

அப்பத்தாவுக்கு வருஷக்கணக்கா ஆஸ்துமான்னு இன்ஹேலர், இப்ப வீட்டுக்குள்ளயே வளவு முற்றத்துலேருந்து அடுத்து இருக்குற ரெண்டாங்கட்டுக்கு நடக்கவே முடியல. எக்ஸ்ரே நார்மல். (கானாடுகாத்தான்)

இதைப் படிச்சாலே எனக்கு எரிச்சல் வருது, உங்க மேல இல்ல தம்பி. இரைப்புன்னு சொன்ன உடனே பம்பு எழுதிக் குடுத்து அனுப்பிடுறாங்க, சத்தம் மூச்சை இழுக்கும்போது வருதா விடும்போது வருதான்னு காது குடுத்துக் கேக்க ஆள் இல்ல. ஆஸ்துமா பெரும்பாலும் விடும்போது விசில் அடிக்கும், கழுத்துப் பக்கம் அடைப்புன்னா இழுக்கும்போது கரகரக்கும். சாதா எக்ஸ்ரேல இந்தக் கட்டி சுலபமா தப்பிச்சிரும், அதை வச்சுக்கிட்டு நார்மல்னு நிம்மதியா இருக்காதீங்க. ஸ்பைரோமெட்ரி (குழாய்ல ஊதிப் பாக்குற மூச்சு டெஸ்ட்) பண்ணா, மூச்சோட வேகத்தைக் காட்டுற லூப் படம் தட்டையா வரும், அதையும் நிறைய பேர் நம்பரை மட்டும் பாத்துட்டு மடிச்சு வச்சிடுறாங்க. பம்புல கேக்கலன்னு ஸ்டீராய்டு மாத்திரை வேற, கடைசில சுகர் ஏறுனதுதான் மிச்சம்! கழுத்தும் நெஞ்சும் சேர்த்து சிடி, அப்புறம் பிராங்கோஸ்கோப்பி, அதாவது மூச்சுக்குழாய்க்குள்ள ஸ்கோப் விட்டுப் பாக்குறது. மதுரையோ திருச்சியோ, ரிஜிட் ஸ்கோப் (வளையாத உலோகக் குழாய்) வசதியும் அதுல பழகுன மயக்க டாக்டரும் இருக்காங்களான்னு கேட்டுட்டுப் போங்க.

லேசர்ல எடுத்தா திரும்ப வருமா? (பள்ளத்தூர்)

கட்டியைப் பொறுத்தது. லிப்போமா (கொழுப்புக் கட்டி), ஹமார்ட்டோமா மாதிரி சாதுவான கட்டின்னா வேரோட எடுத்துட்டா திரும்ப வர்றது அபூர்வம். பாப்பிலோமான்னா (மரு மாதிரி கட்டி) எச்பிவிங்கிற வைரஸோட 6, 11 வகைங்க வேலை, அது திரும்பத் திரும்ப முளைக்கும், லேசரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்ல. எச்பிவி தடுப்பூசி பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க.

அடைப்பை விரிச்சுப் பிடிக்க மெட்டல் ஸ்டென்ட் (கம்பிவலைக் குழாய்) வைக்கலாம்னு சொல்றாங்க. (திருப்பத்தூர்)

கேன்சர் இல்லாத அடைப்புக்கு அதை முதல்ல யோசிக்காதீங்கன்னு அமெரிக்காவோட மருந்து, மருத்துவக் கருவி கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2005லயே எச்சரிச்சிருச்சு. கம்பிக்குள்ள சதை வளர்ந்துட்டா எடுக்குறது பெரும்பாடு. வேணும்னா சிலிக்கோன் ஸ்டென்ட், அதைக் கழட்டலாம். அடைப்பு இருக்குற துண்டை வெட்டி எடுத்துட்டு குழாயை ஒட்டுற ஆபரேஷனுக்கு வழி இருக்கான்னும் கேளுங்க.

மாமா ஐசியுல வெண்டிலேட்டர்ல இருந்துட்டு வந்தாரு, ஒரு மாசம் கழிச்சு மூச்சுல சத்தம். சளியா? (புதுவயல்)

வெண்டிலேட்டர் குழாய் வச்ச எடத்துல சதை வளர்ந்திருக்கலாம், தழும்பு சுருங்கியிருக்கலாம். கசாயம் வேணாம், தூக்க மாத்திரை கண்டிப்பா வேணாம், இன்னைக்கே கெளம்புங்க. ரிஜிட் ஸ்கோப் இருக்கான்னு போன்லயே கேட்டுருங்க.